தேங்காய் மட்டையும் ஓர் இயந்திரமும்: கயிற்றுத் தொழில் கணவாய்ப் பக்கம் நகர்ந்தது ஏன்?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குள் போகும் சரக்கு லாரிகளில் தென்னை நார்க் கட்டு ஏற்றியவை கணிசம். அவற்றில் ஒரு பகுதி போய்ச் சேரும் இடம் ஆலப்புழை. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலையைத் தொடங்கிய ஊர் அது. சுற்றிலும் தென்னை நிற்கிற அந்த ஊருக்கு நாரை மட்டும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய மலையடிவாரத்திலிருந்து ஏன் கொண்டுபோக வேண்டும்?

இன்னொரு குழப்பம் எல்லைக்கு இந்தப் பக்கம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இன் பிற்பகுதியில் தென்னை நார் ஆலைகளை, மாசு அளவைக் குறிக்கும் நிற வகைகளில் 'வெள்ளை'யிலிருந்து 'ஆரஞ்சு'க்கு மாற்றியது. ரசாயனம் எதுவும் சேர்க்காமல் மட்டையை அடித்து நார் எடுக்கும் தொழிலில் மாசு எங்கிருந்து வந்தது என்பது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பரவலாக எழுந்த கேள்வி. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளிலும் பேச்சு தமிழ்தான். மட்டை, ஆள், லாரி மூன்றும் இரு பக்கமும் போய்வருகிற பூமி இது. அதனால் இந்தக் கேள்வி ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை.

இரண்டுக்கும் விடை ஒரே இயந்திரத்தில் தொடங்குகிறது.

மட்டைக்குள் இருப்பது

தேங்காய்க்கும் வெளித்தோலுக்கும் நடுவே இருக்கும் தடித்த உறைதான் மட்டை. அதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நார். மற்றது நாரைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்கும் பஞ்சு போன்ற நார்த்தூள். இங்குள்ள ஆலைகளில் அதைப் 'பித்' என்பார்கள். காய்ந்த மட்டையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நார், 70 சதவீதம் தூள். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நார் ஆலை என்று பெயர் இருந்தாலும், எடைக் கணக்கில் அது தூள் ஆலைதான்.

நாரையும் தூளையும் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பிணைப்பை விடுவிக்க இரண்டு வழிகள்தான் உண்டு. நுண்ணுயிர்களை விட்டுப் பசையைத் தின்ன வைக்கலாம், இல்லையென்றால் அடித்து உடைக்கலாம்.

தண்ணீர் செய்த வேலை

கேரளக் கடற்கரையில் முதல் வழி. பச்சை மட்டைகளைக் காயலில் (கடலோர உப்பங்கழியில்) அமிழ்த்தி ஆறு முதல் பத்து மாதம் ஊறவிடுவார்கள். கடலின் ஏற்ற இறக்கத்தில் உப்புநீர் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்க, பாக்டீரியாக்கள் பசையைக் கரைத்துவிடும். பிறகு பெண்கள் உட்கார்ந்து மரக்கட்டையால் மட்டையை அடித்து நாரைப் பிரிப்பார்கள். வெளிர் பொன்னிறத்தில் மென்மையான நார் கிடைக்கும். அதை வெள்ளை நார் என்பது தொழில் வழக்கு. அஞ்சுதெங்கு, வைக்கம், அஷ்டமுடி என்று கயிற்று ரகங்களுக்கு ஊர்ப்பெயர்களே அமைந்தன. ஊருக்கு ஊர் தண்ணீரும் கைப்பழக்கமும் மாறின, நாரின் நிறமும் முறுக்கும் கூடவே மாறின.

இந்த முறையைச் சுத்தமானது என்று நினைத்துவிடக் கூடாது. மட்டை அழுகும் காயலில் ஆக்சிஜன் குறையும், ஹைட்ரஜன் சல்பைடு வாடை எழும், மீன் ஒதுங்கும். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்று மட்டையை எடுத்தவர்களின் தோலுக்கும் கேடுதான். இருந்தாலும் அந்தப் பத்து மாதத்துக்குள் லட்சக்கணக்கான குடும்பங்களின் கூலி இருந்தது. பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் காரணம் இதுதான்.

இயந்திரம் செய்யும் வேலை

நார் பிரிக்கும் இயந்திரத்தில் மின்னணுவோ ரசாயனமோ கிடையாது. சுற்றுதல், அடித்தல், சலித்தல், அமுக்குதல் என்ற நான்கு இயக்கங்களை வரிசைப்படுத்தியதுதான் அது. பொள்ளாச்சி வட்டார ஆலைகளில் வேலை பெரும்பாலும் இப்படிப் போகும்:

1. மட்டையின் மேல் தண்ணீர் தெளித்து, அல்லது கொஞ்ச காலம் தொட்டியில் போட்டுப் பதமாக்குவார்கள். நுண்ணுயிர் வேலை செய்வதற்காக அல்ல, காய்ந்த நார் அடியில் பொடிந்துவிடாமல் இருப்பதற்காக.

2. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே மட்டை நசுங்கும். பசைப் பிணைப்பு இங்கேயே பாதி விட்டுவிடும்.

3. அடுத்தது அடிப்பான். கிடைமட்டத் தண்டில் வரிசையாகப் பொருத்திய இரும்புத் தகடுகள் வேகமாகச் சுற்றும். சுற்றிலும் இரும்புக் கம்பிகளாலோ ஓட்டைத் தகட்டாலோ ஆன கூடு. அடிபட்ட மட்டையிலிருந்து தூள் இடைவெளி வழியே கீழே விழும், நார் மறுமுனைக்குத் தள்ளப்படும்.

4. சாய்வாகச் சுழலும் கம்பிவலை உருளையில் நார் புரண்டு வர, ஒட்டியிருக்கும் தூளும் உதிரும்.

5. களத்தில் வெயில் காய்ச்சல். அதன்பின் அழுத்தக் கருவியில் கட்டாகும்.

மாதக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கிடைப்பது பழுப்பு நார். வெள்ளை நாரைவிட முரடு, கைராட்டில் நுண்ணிய இழையாக முறுக்க அவ்வளவு தோது இல்லை. மெத்தை, தூரிகை, மிதியடி, மண்ணரிப்பைத் தடுக்கும் வலை என்று வேறு வேலைகளுக்கு அது பொருந்தியது.

மெத்தைக்கு வேண்டியது சுருள். நாரை ஈரப்பதத்தோடு இறுக்கமான தடித்த கயிறாக முறுக்கி, சில காலம் அப்படியே வைத்துப் பிரித்தால் ஒவ்வோர் இழையும் சுருண்டு நிற்கும். அந்தச் சுருள்மேல் ரப்பர் பாலைத் தெளித்துச் சூட்டில் பதப்படுத்தினால் ரப்பர் நார் மெத்தை தயார். கேரளத்து ரப்பர் பாலும் தமிழ்நாட்டு நாரும் ஒரே மெத்தையில் சேர்வது அப்படித்தான். சீனா இங்கிருந்து நார் வாங்கிக் குவிப்பதற்கும் மெத்தைத் தொழில் முக்கியக் காரணம்.

ஆலப்புழை ஏன் தடுத்தது?

ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் 1922இலேயே திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்கள். 1938இல் பெரும் வேலைநிறுத்தம் நடத்தியவர்கள். இயந்திரம் வந்தால் யார் கையிலிருந்து கூலி போகும் என்பது அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்தது: மட்டை அடிக்கும் பெண்கள். நார் பிரிக்கும் இயந்திரங்களுக்கு எதிர்ப்பு வலுத்து, 1970களில் கேரள அரசு அவற்றுக்குக் கட்டுப்பாடு போட்டது. மட்டை வியாபாரத்தையும் நெறிப்படுத்தப் பார்த்தது.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறு வேலைக்கு வழியில்லாத ஒரு கடற்கரையில், ஒரு வீட்டின் அடுப்பு எரிவதே மரக்கட்டை அடியால் என்றால், அந்தப் பயம் நியாயமானது. தவறு வேறிடத்தில் நடந்தது. இயந்திரம் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அதன் லாபத்தில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கலாம். இயந்திரமே வேண்டாம் என்று முடிவானது. மாநில அரசின் கட்டுப்பாடு மாநில எல்லையோடு முடிந்துவிடும், இயந்திரத்துக்கு அந்த எல்லை கிடையாது. இந்தப் பக்கம் மலிவாக நார் தயாரானபோது, அந்தப் பக்கம் கைநாரின் சந்தை சுருங்கியது. தடை காப்பாற்ற நினைத்த கூலி அப்படித்தான் கரைந்தது. பின்னால் கேரளமும் கொள்கையை மாற்றிக்கொண்டது. இப்போது ஆலப்புழையில் கயிற்று இயந்திரங்கள் செய்வதற்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. அதற்குள் நார்த் தொழில் கிழக்கே வேரூன்றிவிட்டது.

கிழக்கே ஏன்?

தடையை மட்டும் காரணமாகச் சொன்னால் கணக்கு பாதிதான். தடையே இல்லாமல் இருந்திருந்தாலும் ஆலை பெருமளவு இந்தப் பக்கம்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. காரணங்கள் நான்கு.

1. மட்டை ஓரிடத்தில் குவிவது. கேரளக் கடற்கரையில் தென்னை பெரும்பாலும் வீட்டு வளாகத்து மரம். பத்து மரம், இருபது மரம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு குவியல். கையால் அடிப்பவருக்கு அது போதும், நாள் முழுக்க ஓட வேண்டிய அடிப்பானுக்குப் போதாது. இயந்திரம் சும்மா நின்றாலும் வட்டி ஓடும். பொள்ளாச்சி, ஆனைமலை, அந்தப் பக்கம் சித்தூர் வட்டம் ஆகியவற்றில் ஏக்கர் கணக்கில் தோப்பு. காயை மொத்தமாக எடுக்கும் வியாபாரி ஒரே களத்தில் உரிப்பதால், மட்டை மலைபோல் அங்கேயே கிடைக்கும். இந்தத் தோப்புகளை வளர்த்தது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம். 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும் என்று இரு மாநிலங்களும் ஏற்ற ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர் பக்கத்துக்குப் போக வேண்டும். இங்கே சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் இல்லை.

2. வெயில். நாரும் தூளும் காய்ந்தால்தான் சரக்கு. கடற்கரைக் கேரளத்தில் மழை நாள்கள் அதிகம். பாலக்காட்டின் கிழக்கு ஓரம் மழைமறைவுப் பகுதி, கணவாய்க் காற்றும் விடாமல் வீசும். இயற்கையாகவே உலர்களம் அமைந்த பூமி.

3. காயல் தேவையில்லாமல் போனது. ஊறவைக்கும் முறை தொழிலை உப்புநீர்க் கரையில் கட்டிப்போட்டிருந்தது. அடிப்பான் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. மட்டை, மின்சாரம், வெயில் இருக்கும் எந்த ஊரிலும் ஆலை வைக்கலாம் என்று ஆனது.

4. பட்டறை.

இந்த நான்காவதை விரிவாகச் சொல்ல வேண்டும். இயந்திரத் தொழில்நுட்பம் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இயந்திரம் என்றதும் கண்டுபிடித்தவர் யார் என்று தேடுவது வழக்கம். நார் இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. ஆணி பதித்த உருளையில் மட்டையைப் பிடித்து நார் எடுக்கும் கருவி இலங்கையில் நெடுங்காலமாகப் புழங்கியது. மட்டையைக் கையால் பிடித்திருக்க வேண்டும் என்பதால் விரலுக்கு ஆபத்தான கருவி. அதை மூடிய கூட்டுக்குள் போடும் அடிப்பானாக மாற்றியதும், பச்சை மட்டைக்கும் காய்ந்த மட்டைக்கும் ஏற்றபடி தகடுகளின் எண்ணிக்கையையும் சாய்வையும் வேகத்தையும் திருத்தியதும் லேத் பட்டறைகளில் நடந்த வேலை.

மட்டையோடு மண்ணும் கல்லும் வரும். தகடு தேயும். தேய்ந்த விளிம்பில் அடி மழுங்கி, நாரோடு தூள் ஒட்டிக்கொண்டே வெளியே வரும், விலை குறையும். அப்போது தகட்டைக் கழற்றி, விளிம்பில் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி, சாணை பிடித்து, மறுபடி எடை சமன் பார்த்துப் பூட்ட வேண்டும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தண்டு அதிரும், பேரிங் போய்விடும். இந்த வேலைக்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆலை இரண்டு நாள் நின்றாலும் நட்டம்தான்.

கோயம்புத்தூருக்கு இது கைவந்த வேலை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகம் வேண்டி வார்ப்படப் பட்டறைகள் வந்தன. கிணற்றுக்கு பம்ப் வேண்டி மோட்டார் தொழில் வளர்ந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். பருத்திக்காகவும் பம்புக்காகவும் உருவான கைத்திறன் தேங்காய் மட்டைக்கும் உதவியது. புது இயந்திரத்தை எங்கிருந்தும் லாரியில் இறக்கிவிடலாம். அதைப் பழுது பார்த்து, பார்க்கும்போதே கொஞ்சம் திருத்தி, அடுத்த இயந்திரத்தில் அந்தத் திருத்தத்தைச் சேர்க்கும் பட்டறையை அப்படி இறக்க முடியாது. தொழில் புதுமை என்பதன் பெரும்பங்கு இந்தத் திருத்தங்கள்தான்.

நெரிசல் நகர்ந்துகொண்டே போகும்

ஓர் இயந்திரம் ஒரு கட்டத்தை வேகப்படுத்தினால் அடுத்த கட்டத்தில் நெரிசல் விழும். அங்கே புது இயந்திரம் வரும். நெரிசல் அதற்கும் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

நார் வேகமாகப் பிரிந்ததும், கைராட்டால் அத்தனை நாரையும் முறுக்க முடியவில்லை. மோட்டார் ராட்டு வந்தது, அப்புறம் தானியங்கிக் கயிறு முறுக்கும் இயந்திரம் வந்தது. நார்ப் பக்கம் சரி. 70 சதவீதத் தூளை என்ன செய்வது? பல ஆண்டுகள் அது சாலையோரக் குன்றாகக் கிடந்தது. மழையில் கரைந்து பழுப்புச் சாறாக ஓடியது, கோடையில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. எளிதில் மக்காது. காளான் வகையைக் கொண்டு அதை எருவாக்கும் முறையை மத்திய அரசின் கயிறு வாரியம் 'பித்பிளஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது இன்னோர் எளிய இயந்திரம்: ஹைட்ராலிக் அழுத்தக் கருவி. நார்த்தூள் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். வேருக்குக் காற்றும் விடும். நெதர்லாந்து போன்ற நாடுகளில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி, வெள்ளரி வளர்க்கிறவர்களுக்கு மண்ணுக்குப் பதிலாக இப்படி ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுவரை சதுப்பு நிலங்களை வெட்டி எடுக்கும் பீட் என்ற பொருளைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். ஆனால் தூள் அப்படியே போனால் கப்பலில் பாதி காற்றுதான் போகும். ஐந்தில் ஒரு பங்காக அமுக்கி 5 கிலோ கட்டியாக்கியபோது கப்பல் கூலி கட்டுப்படியானது. தண்ணீர் ஊற்றினால் அந்தக் கட்டி 65 லிட்டருக்கு மேல் உப்பிவிடும்.

இன்று கணக்கு தலைகீழ். 2021–22இல் நாட்டின் கயிற்றுப் பொருள் ஏற்றுமதி 4,300 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் மதிப்பிலும் எடையிலும் முதலிடம் நார்த்தூளுக்கு. குப்பை என்று ஒதுக்கியதுதான் பல ஆலைகளைக் காப்பாற்றுகிறது.

சரி, ஆரஞ்சு எங்கே வந்தது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் வகுத்து, அந்த மாற்றத்தின்போது நடப்பில் இருந்த முறைப்படி, ஒரு தொழில் காற்றிலும் நீரிலும் விடும் கழிவுக்கு மதிப்பெண் இருந்தது. 60உம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20க்குள் வெள்ளை. வெள்ளை என்றால் தெரிவித்தாலே போதும். ஆரஞ்சு என்றால் வாரியத்தின் அனுமதி, புதுப்பித்தல், ஆய்வு எல்லாம் வேண்டும்.

நாரை மட்டும் பிரித்து விற்ற காலத்து ஆலைக்கு வெள்ளை பொருந்தியிருக்கலாம். தூள் ஏற்றுமதிச் சரக்கானதும் ஆலைக்குள் புதிதாக ஒரு கட்டம் நுழைந்தது, கழுவுதல். தூளில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் உண்டு. அவை நாற்று வேரைக் கருக்கும். அதனால் வாங்குகிறவர்கள் மின்கடத்துத்திறன் என்ற அளவை வைத்து உப்பைக் கணக்கிடுகிறார்கள். நல்ல விலை கிடைக்க அது சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குத் தூளை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும், சிலவற்றைக் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைக்க வேண்டும். ரசாயனமே கிடையாது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்பதில்லை.

அலசிய தண்ணீர் உப்போடும் பழுப்புச் சாயத்தோடும் வெளியேறுகிறது. மண்ணில் இறங்கினால் கிணற்று நீர் நிறம் மாறும். காயும் தூள் கணவாய்க் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்து இலையில் படியும், மூச்சுக்குள்ளும் போகும். கேரளக் காயலில் கிடந்த நீர்ச் சிக்கல் இயந்திரத்தால் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறி நன்னீர்க் கிணறுகளுக்கு வந்திருக்கிறது. உப்புக் காயலுக்குக் கடல் என்ற வடிகால் இருந்தது, இங்கே அது இல்லை. அதிலும் சித்தூர் வட்டாரம், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் வந்த இடம்.

ஆலைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அடித்து நார் மட்டும் எடுக்கும் சிறு ஆலையையும் நாள் முழுக்கத் தூள் கழுவும் ஏற்றுமதி ஆலையையும் ஒரே நிறத்தில் அடைப்பது சரியில்லை. எந்த ஆலையில் எந்தக் கட்டம் நடக்கிறது என்று பார்த்து வகைப்படுத்துவதுதான் பொருத்தம்.

இப்போதைய நெரிசல்

இன்று நெரிசல் தண்ணீரில் வந்து நிற்கிறது. அடுத்த புதுமை இங்கேதான் வேண்டும், அதுவும் பெரும்பாலும் இயந்திர வேலைதான். மூன்று இடங்களில் செய்ய இருக்கிறது.

1. எதிர்த்திசைக் கழுவல். தூள் ஒரு முனையிலிருந்தும் தண்ணீர் மறுமுனையிலிருந்தும் வந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர் போதும். அதே தண்ணீர் முந்தைய அலசல்களுக்கு வரிசையாகப் பயன்படும்.

2. திருகுப் பிழிவான். கழுவிய தூளைக் களத்தில் கொட்டுமுன் பிழிந்துவிட்டால், சாறு மண்ணில் இறங்காமல் தொட்டிக்குத் திரும்பும், காயும் நாளும் குறையும்.

3. மூடிய சலிப்பான், தூசி உறிஞ்சி. அடிப்பான் அருகே நிற்பவர்களில் பெண்கள் நிறைய. வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பது பாதுகாப்பு ஆகாது.

இவற்றில் எதுவும் கோவைப் பட்டறைகளுக்கு அந்நியமில்லை. பிழிவானும் எதிர்த்திசைக் கழுவலும் சர்க்கரை, சாயத் தொழில்களில் பழகியவை. தடையாக இருப்பது காசு. அடிப்பான் வாங்கினால் அந்த மாதமே நார் கூடும், பிழிவான் வாங்கினால் ஆலைக்காரர் கையில் எதுவும் கூடாது, பக்கத்துக் கிணறு கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். லாபம் ஒருவருக்கும் பலன் வேறொருவருக்கும் போகிற இயந்திரத்தைச் சந்தை தானாக வாங்காது. ஒரு வட்டாரத்து ஆலைகள் சேர்ந்து பொதுக் கழுவுநிலையம் வைப்பதற்கு அரசு முதல் போட வேண்டும். அதைத் தமிழ்நாடு மட்டும் செய்து பயனில்லை. கட்டுப்பாடு ஒரு பக்கம் மட்டும் இறுகினால், கழுவும் தொட்டிகள் மீனாட்சிபுரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். 1970களில் அடிப்பான் இந்தப் பக்கம் வந்ததும் இதே வழியில்தான். மணக்கடவுத் தண்ணீருக்கு இரு மாநிலங்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கின்றன. நார்த்தூள் கழுவும் தண்ணீருக்கும் அப்படி ஒரு பொதுக் கணக்கைப் பொள்ளாச்சி, சித்தூர் விவசாயிகள் இப்போதே கேட்கலாம்.